உறைந்த தென்முனை: அண்டார்க்டிகாவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்டார்க்டிகா நிலமா, உறைந்த கடலா?

நிலம்தான். வடமுனையில் இருப்பது கண்டங்கள் சூழ்ந்த ஒரு கடல். அதன் மேற்பரப்பு சில மீட்டர் கனத்துக்கு உறைந்து கிடக்கிறது. தென்முனையில் நிலைமை நேர்மாறானது: அங்கே கடல் சூழ்ந்த ஒரு கண்டம் இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அதில் 98 விழுக்காடு பனிக்கட்டியின் அடியில் புதைந்திருக்கிறது. அந்தப் பனிக்கட்டியின் சராசரிக் கனம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். சில இடங்களில் நாலரை கிலோமீட்டரையும் தாண்டும். உலகில் உள்ள பனிக்கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு இங்கேதான் இருக்கிறது.

தென்முனைப் புள்ளி கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் சுமார் 2,700 மீட்டர் வெறும் பனிக்கட்டி. பாறை ஏறக்குறையக் கடல் மட்டத்தில்தான் தொடங்குகிறது. அந்தப் பனிக்கட்டி நிற்பதுமில்லை. ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகர்ந்துகொண்டே இருப்பதால், தென்முனையைக் காட்டும் கம்பத்தை ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் அளந்து புதிய இடத்தில் நடுகிறார்கள்.

கிழக்கு அண்டார்க்டிகா, மேற்கு அண்டார்க்டிகா என்று ஏன் பிரித்துப் பேசுகிறார்கள்?

கண்டத்தின் குறுக்கே சுமார் 3,500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே உள்ள பெரும்பகுதி மிகப் பழைய, உறுதியான பாறைத்தளம்; பனிக்கட்டியை எடுத்துவிட்டாலும் அது பெரும்பாலும் நிலமாகவே நிற்கும். மேற்குப் பகுதியில் பாறைத்தளத்தின் பெரும்பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பனிக்கட்டி இல்லையென்றால் அங்கே தீவுக்கூட்டம்தான் தெரியும். கண்டத்தின் மிக உயர்ந்த சிகரமான வின்சன் (4,892 மீட்டர்) அந்த மேற்குப் பகுதியில் இருக்கிறது. கிழக்கே டென்மன் பனியாற்றின் அடியில், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 3,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் ஒரு பள்ளத்தாக்கு முழுக்கப் பனிக்கட்டியால் நிரம்பியிருக்கிறது.

இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டம் உயருமா என்ற கேள்விக்கு வரும்போது, எந்தப் பனிக்கட்டி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

எல்லாவற்றையும் பனி என்றே சொல்கிறோம். வேறுபாடு உண்டா?

உண்டு; தமிழில் இது கொஞ்சம் குழப்பமும் தரும். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீரும் நமக்குப் பனிதான், கல்லாக இறுகியதும் பனிதான். இந்தப் பக்கத்தில் நான்கு சொற்களைப் பிரித்தே பயன்படுத்துகிறோம். நிலத்தின் மேல் பொழிந்த வெண்பனி பல லட்சம் ஆண்டுகளாக அடுக்கடுக்காக அழுந்தி இறுகியது பனிவிரிப்பு. அது தன் எடையாலேயே மெல்ல வழிந்து கடலுக்குள் நீண்டு, கரையைப் பிடித்தபடியே மிதக்கும் பகுதி பனித்தட்டு. ராஸ் பனித்தட்டு மட்டும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பனித்தட்டிலிருந்து உடைந்து தனியே மிதந்து செல்வது பனிமலை. இந்த மூன்றும் நன்னீர். கடல்நீர் குளிர்காலத்தில் தானே உறைவது கடற்பனி; பிப்ரவரியில் சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கும் இது செப்டம்பரில் ஏறத்தாழ 1.8 கோடி சதுர கிலோமீட்டராக விரிகிறது. ஆண்டுதோறும் கண்டத்தைச் சுற்றி இன்னொரு கண்டமே உறைந்து உருகுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

அவ்வளவு குளிர் எதனால்?

குளிருக்கு ஒரே காரணம் சூரியன் சாய்ந்து விழுவதுதான் என்றால், இரு முனைகளும் ஒரே அளவில் குளிர வேண்டும். ஆனால் தென்முனை வடமுனையைவிடப் பன்மடங்கு கடுமையானது. முதலாவது, உயரம்: கண்டங்களில் சராசரி உயரம் மிகுந்தது இதுவே. உயரே போகப் போகக் காற்று குளிர்வது நாம் மலையேறும்போது அறிந்ததுதான். இரண்டாவது, வெண்மை: விழும் ஒளியில் பெரும்பகுதியைப் பனி அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது; கோடையில் 24 மணி நேரமும் வெயில் அடித்தாலும் நிலம் சூடேறுவதில்லை. மூன்றாவது, கண்டத்தைத் தடையின்றிச் சுற்றி வரும் கடல் நீரோட்டம். வடக்கேயிருந்து வெப்பமான நீர் எளிதில் நெருங்க அது விடுவதில்லை. வடமுனையில் பனியின் அடியில் இருக்கும் கடல்நீர் ஓரளவு வெப்பத்தைக் கசியவிடுகிறது. இங்கே அடியில் பாறைதான்.

ரஷ்யாவின் வோஸ்டோக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. தரையில் வைத்த வெப்பமானியில் உலகம் இதுவரை கண்ட மிகக் குறைந்த அளவு அதுவே. அதற்காகக் கண்டம் முழுவதும் எப்போதும் அப்படி இருக்கிறது என்று எண்ண வேண்டாம். வடக்கே நீண்டிருக்கும் தீபகற்பத்தில், எஸ்பெரான்சா நிலையத்தில், 2020 பிப்ரவரி 6 அன்று 18.3 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாகியிருக்கிறது.

இவ்வளவு பனி இருக்கும் இடத்தைப் பாலைவனம் என்று சொல்வது சரியா?

சரிதான். பாலைவனம் என்பது மழையின் அளவைக் கொண்டு சொல்வது. கண்டத்தின் உட்பகுதியில் ஆண்டு முழுவதும் விழும் பனியை உருக்கி அளந்தால் 50 மில்லிமீட்டர்கூட வராது. விழுந்தது உருகாமல் சேர்ந்துகொண்டே போனதால் கிலோமீட்டர் கணக்கில் கனத்திருக்கிறது. மக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகள் என்ற பகுதியில் பனியும்கூட இல்லை. வெறும் கல்லும் சரளையும் கிடக்கின்றன.

காற்றைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். உட்பகுதி மேட்டில் குளிர்ந்து கனத்த காற்று, நீர் சரிவில் ஓடுவதைப் போலவே கரையை நோக்கி இறங்குகிறது. ஆஸ்திரேலிய ஆய்வுப்பயணி டக்ளஸ் மாசனின் குழு 1912, 1913 ஆண்டுகளில் தங்கியிருந்த டெனிசன் முனையில் இந்தக் காற்று மாதக்கணக்கில் புயல் வேகத்தில் வீசியது. குளிரைவிட இந்தக் காற்றுதான் மனிதரைக் கொல்லும். கண் முன்னே நீட்டிய கை தெரியாத பனிப்புயலில் கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குப் போகக் கயிறு கட்டி வைத்திருப்பது இன்றும் வழக்கம்.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

இல்லை. பிரிட்டனின் ஆய்வுப்பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழுவினர் தென்முனையிலிருந்து திரும்பும் வழியில், உயிர் ஊசலாடிய நிலையிலும், சுமார் 16 கிலோகிராம் கற்களைச் சறுக்குவண்டியில் இழுத்து வந்தார்கள். 1912 நவம்பரில் அவர்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோது அந்தக் கற்களும் அருகிலேயே இருந்தன. அவற்றில் குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன மரத்தின் இலைப் பதிவுகள் இருந்தன. அதே மரத்தின் பதிவுகள் இந்திய நிலக்கரிப் படுகைகளிலும் கிடைக்கின்றன. கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலத்தில் இந்தியாவும் இலங்கையும் அண்டார்க்டிகாவும் ஒட்டியிருந்தன என்பதற்கான சான்றுகளில் அதுவும் ஒன்று. பசியிலும் உறைபனியிலும் அந்தக் கற்களைக் கைவிடாத மனிதர்களை நினைக்கும்போது, அறிவியல் என்பதற்கு அவர்கள் கொடுத்த விலை நெஞ்சை அழுத்துகிறது.

நம் வீட்டு வாசலிலேயே இன்னொரு சான்று உண்டு. சென்னை பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படும் கருநீலச் சாயலுள்ள பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இந்தக் கல் பயன்பட்டிருப்பதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரைச் சூட்டினார். இதே வகைப் பாறை கிழக்கு அண்டார்க்டிகாவின் கரையோரத்திலும் வெளித்தெரிகிறது. இந்தியா சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்தது. அதற்குப் பின்னரும் நெடுங்காலம் அண்டார்க்டிகாவில் காடுகள் இருந்தன. மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் துளையிட்டு எடுத்த மண்ணில், சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மழைக்காட்டின் வேர்களும் மகரந்தமும் கிடைத்துள்ளன. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், வளிமண்டலத்தில் கரியமில வாயு குறைந்ததும் தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் விலகி நீரோட்டத்துக்கு வழி திறந்ததுமான காலத்தில்தான், பெரும் பனிவிரிப்பு உருவாகத் தொடங்கியது.

பனிக்கு அடியில் என்ன இருக்கிறது?

நீர் இருக்கிறது. மேலே அழுத்தும் எடையும் பூமியின் உள்வெப்பமும் சேர்ந்து அடிப்பனியை உருகவைப்பதால், நானூறுக்கும் மேற்பட்ட ஏரிகள் பனிவிரிப்பின் அடியில் கண்டறியப்பட்டுள்ளன. மிகப் பெரியதான வோஸ்டோக் ஏரி சுமார் 250 கிலோமீட்டர் நீளமும் 50 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. அதன் மேல் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் பனிக்கட்டி. ரஷ்ய ஆய்வாளர்கள் 2012 பிப்ரவரியில் துளையிட்டு அதன் நீரைத் தொட்டார்கள்.

பனிக்கட்டியே ஒரு ஏடு. ஒவ்வொரு அடுக்கிலும் அது விழுந்த காலத்துக் காற்று குமிழ்களாக அடைபட்டிருக்கிறது. டோம் சி என்ற இடத்தில் ஐரோப்பியக் குழு துளையிட்டு எடுத்த பனித்தண்டு (நீண்ட உருளை வடிவப் பனிக்கட்டி) 8 லட்சம் ஆண்டுகளின் காற்றைத் தந்தது. அந்த நெடிய காலத்தில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 300 பங்கைத் தாண்டியதே இல்லை; இன்று அது 420ஐக் கடந்துவிட்டது. பருவநிலை மாற்றத்தைப் பற்றிய வாதங்களில் இதைவிட நேரடியான சாட்சி வேறு இல்லை.

அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன? பனிக்கரடி உண்டா?

பனிக்கரடி கிடையாது, அது வடமுனைக்கு உரியது. நிலத்திலேயே முழு வாழ்வையும் கழிக்கும் மிகப் பெரிய விலங்கு, சுமார் 6 மில்லிமீட்டர் நீளமுள்ள இறகற்ற ஒரு சிறு ஈ. இயல்பாகவே அங்கே வளரும் பூக்கும் தாவரங்கள் இரண்டே இனம். மற்றவை பாசிகளும் கல்பாசிகளும்.

வளம் முழுவதும் கடலில்தான். கிரில் என்ற, சுண்டுவிரல் நீளமுள்ள இறாலைப் போன்ற உயிரி கூட்டங்கூட்டமாகப் பெருகுகிறது. பென்குயின், சீல், திமிங்கிலம் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதை நம்பியிருக்கின்றன. அந்தக் கிரிலின் குஞ்சுகள் குளிர்காலத்தில் கடற்பனியின் அடிப்புறத்தில் படியும் பாசியை மேய்ந்து பிழைக்கின்றன. ஆகவே கடற்பனி குறைவது திமிங்கிலத்தின் வயிறு வரை போய்ச் சேரும். இரத்தத்தில் சிவப்பணு நிறமியே இல்லாத, வெள்ளை இரத்தமுள்ள மீன்களும் இங்கே உண்டு. கடுங்குளிர் நீரில் ஆக்சிஜன் மிகுதியாகக் கரைந்திருப்பதால் அவை பிழைத்துக்கொள்கின்றன.

பேரரசப் பென்குயின் மட்டும்தான் குளிர்காலத்தின் நடுவில் முட்டையிட்டு அடைகாக்கிறது. முட்டையை ஆணிடம் ஒப்படைத்துவிட்டுப் பெண் கடலுக்குப் போகிறது. ஆண் பறவை ஏறத்தாழ இரண்டு மாதம் எதுவும் உண்ணாமல், முட்டையைக் காலின் மேல் வைத்து வயிற்றுத் தோலால் மூடிக்கொண்டு நிற்கிறது. குஞ்சுகளுக்கு நீர்ப்புகாத இறகு முளைக்கும்வரை அடியிலுள்ள கடற்பனி உடையாமல் இருக்க வேண்டும். 2022இல் பெலிங்ஸ்ஹௌசன் கடலோரத்தில் அது முன்கூட்டியே உடைந்தது. அங்கிருந்த ஐந்து கூட்டங்களில் நான்கில் அந்த ஆண்டுக் குஞ்சுகள் பிழைத்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கண்டத்தை முதலில் கண்டவர் யார்?

ஜேம்ஸ் குக் 1773இல் அண்டார்க்டிக் வட்டத்தைக் கடந்தார், நிலத்தைக் காணவில்லை. 1820 ஜனவரியில் ரஷ்யக் கடற்படையின் பெலிங்ஸ்ஹௌசனும், சில நாள் இடைவெளியில் பிரிட்டனின் எட்வர்ட் பிரான்ஸ்ஃபீல்டும் கண்டத்தின் விளிம்பைக் கண்டார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே சீல் வேட்டைக்காரர்கள் வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டை வந்தது. தென்கோளத்தில் மட்டும் சுமார் 20 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன, நீலத் திமிங்கிலம் அழிவின் விளிம்புக்குப் போயிற்று. இந்தப் பகுதியின் மனித வரலாற்றைச் சாகசங்களாக மட்டும் சொல்வோர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தென்முனையை நார்வேயின் ருவால் அமுண்ட்சென் குழு 1911 டிசம்பர் 14 அன்று அடைந்தது. ராபர்ட் ஸ்காட்டின் ஐவர் குழு 1912 ஜனவரி 17 அன்று அங்கே போய்ச் சேர்ந்தது; திரும்பும் வழியில் ஐவரும் இறந்தார்கள்.

அண்டார்க்டிகா எந்த நாட்டுக்குச் சொந்தம்?

அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, சிலி, பிரான்ஸ், நியூசிலாந்து, நார்வே, பிரிட்டன் ஆகிய ஏழு நாடுகள் உரிமை கோரியிருக்கின்றன. அர்ஜென்டினா, சிலி, பிரிட்டன் மூன்றும் கோரும் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மேரி பேர்டு நிலம் என்ற பெரும்பகுதியை யாருமே கோரவில்லை.

1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் உடன்படிக்கை, 1961 ஜூன் 23 முதல் நடைமுறைக்கு வந்தது. அது இந்தக் கோரிக்கைகளை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இருந்த நிலையில் உறையவைத்துவிட்டது. உடன்படிக்கை நடப்பில் இருக்கும்வரை புதிய கோரிக்கை எதுவும் எழுப்ப முடியாது. படைத்தளங்களும் ஆயுதச் சோதனைகளும் கூடாது, அணுவெடிப்பும் அணுக்கழிவும் கூடாது, எந்த நாட்டின் நிலையத்தையும் மற்ற நாட்டினர் போய்ச் சோதித்துப் பார்க்கலாம் என்பவை அதன் முக்கிய விதிகள். பனிப்போரின் உச்சத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே தாளில் கையெழுத்திட்டன என்பதை எண்ணும்போது, இது எவ்வளவு அரிய சாதனை என்பது விளங்கும். இந்தியா 1983இல் இதில் சேர்ந்து, அதே ஆண்டு செப்டம்பரில் வாக்குரிமையுள்ள ஆலோசனை உறுப்பினர் ஆயிற்று.

2048இல் உடன்படிக்கை முடிந்து, சுரங்கம் தோண்டத் தொடங்கிவிடுவார்களா?

இணையத்தில் அடிக்கடி பரவும் தவறான செய்தி இது. கனிமம் தோண்டுவதற்கான தடை, 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த, இந்த உடன்படிக்கையோடு இணைந்து சுற்றுச்சூழலைக் காக்கும் மாட்ரிட் நெறிமுறையின் 7ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்கு முடிவுத் தேதி கிடையாது. 50 ஆண்டுகள் கழிந்த பின், அதாவது 2048 முதல், ஆலோசனை உறுப்பு நாடு ஒன்று கேட்டால் மறுஆய்வு மாநாடு கூட்டலாம் என்பதே விதி. அப்போதும், கனிமப் பணிகளைக் கட்டுப்படுத்தும் சட்ட ஏற்பாடு ஒன்று நடப்பில் இல்லாமல் தடையை நீக்க முடியாது. நெறிமுறை உருவானபோது வாக்குரிமை பெற்றிருந்த நாடுகள் அனைத்தும் அதை ஏற்க வேண்டும்.

அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள்?

குடிமக்கள் என்று யாரும் இல்லை. கோடையில் ஏறத்தாழ 5,000 பேரும் குளிர்காலத்தில் ஏறத்தாழ 1,000 பேரும் ஆய்வு நிலையங்களில் தங்குகிறார்கள். அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சாவிலும் சிலியின் வில்லா லாஸ் எஸ்த்ரெயாஸிலும் குடும்பங்கள் தங்கியதுண்டு. 1978 ஜனவரியில் எஸ்பெரான்சாவில் பிறந்த எமிலியோ பால்மாவே இந்தக் கண்டத்தில் பிறந்த முதல் மனிதர்.

குளிர்காலத்தில் தங்குவது என்பது என்ன என்பதை லியோனிட் ரோகோசோவின் அனுபவம் காட்டும். 1961இல் சோவியத் ஒன்றியத்தின் நோவோலசரேவ்ஸ்கயா நிலையத்தில் குளிர்காலம் கழித்த 13 பேரில் அவர் ஒருவரே மருத்துவர், வயது 27. ஏப்ரல் இறுதியில் அவருக்கே குடல்வால் அழற்சி வந்தது. பனிப்புயலில் விமானம் வர வழியில்லை. வாகன ஓட்டுநர் ஒருவரும் வானிலையாளர் ஒருவரும் கண்ணாடியும் விளக்கும் கருவிகளும் எடுத்துத் தர, வயிற்றுத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துகொண்டு, தம் வயிற்றைத் தாமே அறுத்துக் குடல்வாலை அகற்றினார். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். இந்தியாவின் மைத்ரி நிலையம் அந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.

நிலையங்களில் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டும்?

எல்லா நெடுங்கோடுகளும் தென்முனையில் கூடுவதால் இயல்பான நேரம் என்று ஒன்று இல்லை. பொருள்கள் எங்கிருந்து வருகின்றனவோ அந்த ஊர் நேரத்தையே வசதிக்காகப் பின்பற்றுகிறார்கள். தென்முனையிலுள்ள அமெரிக்க நிலையம் நியூசிலாந்து நேரப்படி இயங்குகிறது.

இந்தியாவின் நிலையங்கள் எவை?

எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் குழு, 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து போலார் சர்க்கிள் என்ற நார்வேக் கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் இறங்கியது. 1983-84 பயணத்தில் தட்சிண் கங்கோத்ரி நிலையம் அமைந்தது. சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரு பெண் அறிவியலாளர்களும் அந்தப் பயணத்தில் பங்கேற்றார்கள். நிலையம் மிதக்கும் பனித்தட்டின் மேல் கட்டப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் குவிந்த பனியில் அது மெல்ல மெல்லப் புதைந்து, 1990இல் கைவிடப்பட்டது.

அந்தப் பாடத்துக்குப் பின் இந்தியா பாறையைத் தேடிப் போனது. கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே, ஷிர்மாக்கர் சோலை என்ற, சுமார் 35 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பனியற்ற கற்பூமியில் மைத்ரி 1989இல் எழுந்தது. சோலை என்றதும் மரங்களை எண்ண வேண்டாம். பனி இல்லாத இடத்துக்கு அங்கே அந்தப் பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஏரிகள் இருக்கின்றன. நிலையத்தின் முன்னுள்ள ஏரிக்குப் பிரியதர்ஷினி என்று பெயர், குடிநீர் அதிலிருந்து வருகிறது. அங்கே ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் எழுவதில்லை.

மைத்ரிக்குக் கிழக்கே சுமார் 3,000 கிலோமீட்டர் தொலைவில், லார்ஸ்மன் குன்றுகளில், பாரதி நிலையம் 2012இல் தொடங்கப்பட்டது. அதன் உடல் 134 சரக்குப் பெட்டகங்களால் ஆனது. கப்பலில் சரக்கு வந்த பெட்டகங்களே சுவர்களாயின. இந்தியச் செயற்கைக்கோள்களின் தரவுகளைப் பெறும் தரைநிலையமும் அங்கே உண்டு. இஸ்ரோவின் மங்களா மணி, 56ஆம் வயதில், 403 நாள் பாரதியில் தங்கிப் பணியாற்றினார். பழையதாகிவிட்ட மைத்ரிக்கு மாற்றாக மைத்ரி-2 திட்டமிடப்பட்டுள்ளது.

அங்கே சேரும் குப்பை என்னவாகிறது?

கொண்டுபோனவர்தான் திருப்பி எடுத்து வர வேண்டும். மாட்ரிட் நெறிமுறைப்படி உணவுப் பொட்டலம், பேட்டரி, எரிக்க முடியாத கழிவு எல்லாம் பிரித்துக் கட்டப்பட்டுக் கப்பலில் திரும்புகின்றன. கிருமி நீக்காத மண், அறிவியல், மருத்துவ, தூய்மைத் தேவைகளுக்கு அல்லாத பூச்சிக்கொல்லி, பொட்டலத்தில் இட்டு நிரப்பும் தெர்மோகோல் மணிகள் ஆகியவற்றைக் கொண்டுபோகவே கூடாது. சறுக்குவண்டி இழுத்த நாய்களும், சீல்களுக்கு நோய் பரப்பக்கூடும் என்பதால், 1994இல் முற்றிலும் வெளியேற்றப்பட்டன.

முன்பு இவ்வளவு கவனம் இருக்கவில்லை. மக்மர்டோ நிலையத்தில் அமெரிக்கா 1962 முதல் 1972 வரை சிறு அணுவுலை ஒன்றை இயக்கியது. பின்னர் உலையையும் மாசடைந்த மண்ணையும் கப்பலேற்றிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 1969இல் கைவிடப்பட்ட வில்க்ஸ் நிலையத்தின் எண்ணெய்ப் பீப்பாய்களும் குப்பையும் இன்னும் பனிக்குள் கிடக்கின்றன. குளிரில் எதுவும் மக்குவதில்லை என்பதால், அங்கே போட்டது போட்டபடியே இருக்கும்.

ஓசோன் துளை மூடிவிட்டதா?

இன்னும் இல்லை, ஆனால் ஆறிவருகிறது. பிரிட்டனின் ஹேலி நிலையத்தின் அளவீடுகளைக் கொண்டு ஜோசப் ஃபார்மனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் வானில் ஓசோன் வாயு ஆண்டுதோறும் இங்கே மெலிந்துபோவதை 1985இல் வெளியிட்டார்கள். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட, குளோரின் அடங்கிய வாயுக்கள் உலகெங்கும் பரவியிருந்தாலும், துளை இங்கே விழக் காரணம் குளிர்தான். மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே அடுக்குமண்டலத்தில் உருவாகும் மேகத்துகள்களின் மேல் குளோரின் விடுபட்டுத் தயாராகிறது. செப்டம்பரில் சூரியன் திரும்பியதும் அது ஓசோனைச் சிதைக்கிறது. 1987இன் மான்ட்ரியல் நெறிமுறை அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தியதால், 2066 வாக்கில் துளை 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று கணித்துள்ளார்கள்.

பனி உருகுகிறதா? அதனால் நமக்கு என்ன?

ஆம், குறைந்துகொண்டிருக்கிறது. 2002 முதல் செயற்கைக்கோள்கள் ஈர்ப்புவிசையை அளந்து வந்ததில், பனிவிரிப்பு ஆண்டுக்குச் சராசரியாக 10,000 கோடி டன்னுக்கும் மேல் இழந்து வருவது தெரிகிறது. இழப்பின் பெரும்பகுதி மேற்கிலிருந்து.

கடற்பனியும் மிதக்கும் பனித்தட்டும் உருகினால் கடல் மட்டம் கிட்டத்தட்ட உயராது. அவை ஏற்கெனவே நீரில் தங்கள் இடத்தைப் பிடித்திருப்பவை. ஆனால் பனித்தட்டு, பின்னாலிருந்து வழியும் பனியாற்றுக்கு அணையாக நிற்கிறது. 2002இல் லார்சன் பி பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் ஏறத்தாழ ஒரே மாதத்தில் நொறுங்கியது. அதற்குப் பின்னிருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்தன. மேற்கில் பாறைத்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதோடு, உள்ளே போகப் போக இன்னும் ஆழமாகிறது. வெப்பமான ஆழ்கடல் நீர் அடியில் புகுந்து பனியைப் பாறையிலிருந்து பிரிக்கும்போது, ஒவ்வொரு பின்வாங்கலும் இன்னும் கனமான பனியை நீருக்குக் காட்டிக்கொடுக்கிறது. சுமார் 120 கிலோமீட்டர் அகலமுள்ள த்வெய்ட்ஸ் பனியாற்றைப் பற்றி ஆய்வாளர்கள் அஞ்சுவது இதனால்தான். அது முழுவதும் கரைந்தால் உலகக் கடல் மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும். ஒரே நாளில் அல்ல, தலைமுறைகளாக நடப்பது. கண்டம் முழுவதும் உருகினால் ஏறத்தாழ 58 மீட்டர் என்ற கணக்கு உண்டு. அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும்.

தொலைவில் இருப்பது பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. பனிவிரிப்பின் பெருநிறை தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. நிறை குறைந்தால் பிடி தளர்கிறது. அண்டார்க்டிகாவுக்கு அருகே கடல் சற்றுத் தாழ்ந்து, விலகிய நீர் வடகோளக் கரைகளில் சராசரியைவிடச் சற்றே கூடுதலாக ஏறுகிறது. கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் காவிரிக் கழிமுகத்துக்கும் யாழ்ப்பாணத்தின் தாழ்நிலங்களுக்கும் இது வெறும் பாடப்புத்தகச் செய்தியாக இருக்க முடியாது.

சுற்றுலாவாகப் போகலாமா?

போகலாம். பெரும்பாலோர் அர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து கப்பலில் இரண்டு நாள் டிரேக் கடலைக் கடந்து தீபகற்பத்துக்குப் போகிறார்கள்; 2022-23 பருவத்தில் பயணிகள் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டியது. ஒரு நேரத்தில் ஓரிடத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. பென்குயினிடமிருந்து 5 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். இறங்கும்போதும் ஏறும்போதும் காலணியைக் கழுவ வேண்டும். ஐரோப்பியப் புல் இனம் ஒன்று மனிதரோடு வந்து ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. 2024 தொடக்கத்தில் பறவைக்காய்ச்சலும் கண்டத்தை எட்டியிருக்கிறது. எண்ணிக்கைக்கு ஒரு மேல்வரம்பு வேண்டும் என்பதே எங்கள் கருத்து. இன்றுவரை அப்படி ஒன்று இல்லை.

இந்தியக் குழுவில் சேர என்ன செய்ய வேண்டும்?

கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இந்தப் பயணங்களை நடத்துகிறது. அறிவியலாளர்களின் ஆய்வுத் திட்டங்கள் தேர்வு செய்யப்படுகின்றன. மருத்துவர், சமையற்காரர், மின்பணியாளர், வாகனப் பழுதுபார்ப்பவர், வெல்டர் ஆகியோரும் குழுவுக்குத் தேவை. தேர்வானவர்கள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் உடலும் மனமும் தகுதியாக உள்ளனவா என்ற சோதனைக்கு உட்படுகிறார்கள். பின்னர் உத்தராகண்டில் ஆலியில் இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையிடம் பனியில் நடக்கவும் பனிப்பிளவில் விழுந்தவரை மீட்கவும் பயிற்சி பெறுகிறார்கள். அங்கிருந்து கேப்டவுன் வழியாக, சிலர் விமானத்திலும் சிலர் கப்பலிலும் போகிறார்கள். இந்தியாவிலிருந்து தனியாகப் பயணம் ஏற்பாடு செய்வோருக்கு 2022ஆம் ஆண்டின் இந்திய அண்டார்க்டிக் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். கோடைக் குழு சில மாதங்களில் திரும்பிவிடும்; குளிர்காலக் குழுவில் சேர்பவர் ஓராண்டுக்கும் மேல் அங்கேயே இருப்பதற்கு வீட்டாரின் சம்மதத்தோடு புறப்பட வேண்டும், ஏனெனில் கடல் உறைந்த பின் அடுத்த கோடைவரை அவரை அழைத்துவரக் கப்பல் வராது.